கொழும்பில் ஐந்து நாளும் அத்தையின் சுருக்குப் பையும்

ஊருக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது, கால் வலி இன்னும் போகவில்லை. தீபாவளிக்கு முன்னால் கொஞ்சம் விடுப்பு கிடைத்தது, அத்தையையும் கூட்டிக்கொண்டு கொழும்பு போய் வந்தேன். திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான், மதுரைக்கு பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது டிப்ஸ் பற்றி. அத்தையோடு வெளியூர் போனால் அந்த நினைப்பு வராமல் இருக்காது. மாமா திருச்சியில் ஒரு சைவ ஹோட்டலில் 31 வருஷம் சர்வராக இருந்தவர். "சம்பளத்துல வாடகை கட்டுனோம், டிப்ஸுலதான் ரெண்டு பிள்ளைங்களையும் படிக்க வச்சோம்" என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அதில் எப்போதும் சில்லறை.

அக்டோபர் 9, வியாழன்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் தப்பு நான் செய்தது. பணம் மாற்றும் கவுண்டரில் எல்லாமே 5000 ரூபாய்த் தாளாகக் கொடுத்தார்கள், நானும் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். "சில்லறையா கொஞ்சம் கேளுடி" என்று அத்தை பின்னாலிருந்து சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் ஒருவர் வந்து நாங்கள் கேட்காமலே டிராலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கார் நிற்கிற இடம் வரை வந்தார், வந்தவர் நின்றார். கையில் 5000க்குக் கீழே எதுவும் இல்லை. அத்தை பையிலிருந்து நம்ம ஊர் 50 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பரவால்ல" என்று வைத்துக்கொண்டார்.

பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன லாட்ஜில் அறை எடுத்திருந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அது முன்பதிவில் எங்கேயும் சொல்லப்படவில்லை. ஒல்லியாக ஒரு பையன், இருபது வயது இருக்கும், இரண்டு பெட்டியையும் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு ஏறினான். அத்தையின் பெட்டியில் துணியைவிட முறுக்கும் அதிரசமும்தான் அதிகம், கனம் எனக்குத் தெரியும். மேலே வந்ததும் மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டு, "குடிக்கத் தண்ணி கொண்டு வரவாம்மா" என்று கேட்டான். பேச்சைக் கேட்டால் நம்ம ஊர்ப் பேச்சு மாதிரி இருந்தது. பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவனாம்.

அவனுக்கு என்ன கொடுப்பது? என் பர்ஸில் நம்ம ஊர் பத்து ரூபாய்க் காசு நாலு இருந்தது. அங்கே அப்போது நம்ம ஒரு ரூபாய்க்கு 3 ரூபாய் 40 சதம் வரை வந்தது, அப்படியானால் நாற்பது ரூபாய் என்பது 136 ரூபாய். கணக்குச் சரிதான் என்று நினைத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். காசை ஒரு நொடி பார்த்தான். "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு நொடியை நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை.

இரவு வெள்ளவத்தையில் சாப்பாடு. காலி வீதி என்கிற மெயின் ரோடு முழுக்கத் துணிக்கடைகள், தீபாவளிக் கூட்டம், நம்ம திருச்சி என்.எஸ்.பி. ரோடு ஞாபகம் வந்தது. ஒரு சைவக் கடையில் உட்கார்ந்ததுமே, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, தட்டு நிறைய வடை, ரோல்ஸ், மரக்கறி ரொட்டி என்று கொண்டுவந்து வைத்தார்கள். அத்தை பதறிவிட்டார். பரிமாறியவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், சிரித்துக்கொண்டே "சாப்பிட்டதுக்கு மட்டும்தான் அம்மா காசு, மிச்சத்தை நாங்கள் எடுத்துப்போடுவம்" என்றார். அங்கே வழக்கமே அதுதானாம். எண்ணிக்கை நம்முடைய சொல்லை நம்பித்தான். இடியாப்பம், சொதி, சம்பல், இரண்டு உளுந்து வடை, இரண்டு பிளேன்டீ எல்லாம் சேர்த்து 860 ரூபாய் ஆனது, நம்ம காசில் 250 சொச்சம். கல்லாவில் 5000 தாளை நீட்டினால் "மாத்தின காசு இல்லையோ பிள்ளை?" என்றார்கள். இல்லை. பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி மாற்றிக் கொண்டுவந்தார்கள்.

அப்புறம்தான் அத்தைக்கு உயிர் வந்தது. சில்லறையை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். 20 அரக்கு, 50 நீலம், 100 ஆரஞ்சு, 500 ஊதா. எல்லாத் தாளிலும் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் அச்சடித்திருக்கிறது, பின்பக்கம் நடனமாடுகிறவர்கள் படம். தமிழ் எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார். பரிமாறியவருக்கு 100 கொடுத்தார், மேஜை துடைத்த பையனைத் தேடிப்போய் அவனுக்கு 50. துடைக்கிற பையனுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், மாமா இருந்த ஹோட்டலிலும் அப்படித்தான், அவனுக்கு மாமா தன் பங்கிலிருந்து தினமும் இரண்டு ரூபாய் கொடுப்பாராம். இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் ஆட்டோ பிடித்துப் புறக்கோட்டை. பிக்மீ செயலியில் கூப்பிட்டோம், 580 காட்டியது, 600 கொடுத்து மிச்சம் வேண்டாம் என்றேன். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். செயலி வழியாக வரும் ஆட்டோவுக்கு இப்படி மேலே இருக்கிற இருபது முப்பதை விட்டுக்கொடுத்தாலே போதும், யாரும் எதிர்பார்த்து நிற்பதில்லை. ஐந்து நாளில் ஏறிய பதினொரு ஆட்டோவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை (செயலி இல்லாமல் ஏறிய பன்னிரண்டாவதைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன்).

புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தப் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்துவிட்டு, செட்டியார் தெரு வழியாக நகைக்கடைகளைத் தாண்டி, இரண்டு கதிரேசன் கோயில்களையும் கும்பிட்டுவிட்டு, கொச்சிக்கடைச் சிவன் கோயில் வரை நடந்தே போனோம். பொன்னம்பலவாணேஸ்வரர். முழுக்கக் கருங்கல். பொன்னம்பலம் இராமநாதன் தன் அப்பா கட்டிய கோயிலை எடுத்துக் கல்லால் திரும்பக் கட்டியது. உள்ளே நுழைந்ததும் வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை, அப்படியொரு குளிர்ச்சி. எண்ணெயும் விபூதியும் கலந்த வாசனையில் அத்தை ஒரு தூணில் சாய்ந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் அத்தை 50 ரூபாய்த் தாளைக் கொடுத்தார். அந்த அம்மா மிச்சம் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, "இல்லம்மா, கோயில் வாசல்ல அதிகமா வாங்கக் கூடாது" என்று கையில் திணித்தார். அத்தை வாங்கிக்கொண்டார். நான் வற்புறுத்தியிருப்பேன். அத்தை என்னை நகர்த்திக்கொண்டு வந்து, "வேணாம்னு சொன்னா ஒரு தடவதான் சொல்லணும், ரெண்டாவது தடவ குடுத்தா அவங்கள சின்னதாக்குற மாதிரி" என்றார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. நாங்கள் போனபோது உள்ளே எல்லா மதத்து ஆட்களும் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தார்கள். பேசத் தோன்றவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்து, இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டியது. அக்டோபரில் அங்கே மத்தியானத்துக்கு மேல் தினமும் இதே கதைதான், குடை இல்லாமல் போகாதீர்கள்.

அக்டோபர் 11, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதவே மனசில்லை, ஆனாலும் போகிறவர்களுக்குத் தெரியட்டும்.

காலிமுகத்திடல் பக்கம் காலையில் நடந்துகொண்டிருந்தோம். நன்றாக உடுத்திய ஒருவர் தானாக வந்து ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். இந்தியாவா, தமிழ்நாடா, சந்தோஷம். பக்கத்துக் கோயிலில் இன்றைக்கு யானை ஊர்வலம், இன்றைக்கு மட்டும்தான், இன்னும் அரை மணியில் முடிந்துவிடும். கை காட்டினார், ஒரு ஆட்டோ வந்து நின்றது. யானை என்றதும் அத்தைக்கு ஆசை, ஏறிவிட்டோம், அவரும் முன்னால் ஓட்டுநரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பேரே வாவிக்கரையில் சுற்றிச் சுற்றி, ஒரு விகாரை வாசலில் இறக்கினார்கள். ஊர்வலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆட்டோவுக்கு 4000 ரூபாய் என்றார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். நான் சத்தம் போட்டேன், அத்தை வயதானவர், தெருவில் நிற்கிறோம், கடைசியில் 2500 கொடுத்துத் தொலைத்தேன். அதற்கு மேலேயும் அந்த மனுஷர் கையை நீட்டி, தனக்கு "டிப்ஸ்" என்றார். வழி காட்டினாராம்.

எனக்குக் கை நடுங்கியது. பணத்துக்காக இல்லை. மாமா அந்த வார்த்தையால் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார், அதே வார்த்தையை இவர் வாயில் கேட்டதுதான் தாங்கவில்லை. கொடுக்கவில்லை. அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாவி ஓரம் ஒரு மரத்தடியில் நின்று இருவரும் ஆளுக்கொரு தம்பிலி குடித்தோம். அங்கே செவ்விளநீருக்கு அதுதான் பெயர். ஒன்று 180 ரூபாய். வெட்டிக் கொடுத்த பெரியவர் நாங்கள் சொன்னதைக் கேட்டு, உள்ளூர்க்காரர்களுக்கே தெரிந்த ஏமாற்று வேலைதான் அது, யானை என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள் என்றார். வழுக்கையைச் சுரண்டி எடுக்க மட்டையிலேயே ஒரு சின்னக் கரண்டி மாதிரி சீவிக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. அத்தை 400ஆகக் கொடுத்தார், அவர் நெற்றியில் தொட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தைக்கு அதே காலிமுகத்திடலுக்குச் சாயங்காலம் திரும்பப் போக வேண்டும் என்று பிடிவாதம், பயந்து ஒதுங்கக் கூடாதாம். மழை விட்ட பிறகு போனோம். பட்டம் விடும் பிள்ளைகள், கடல் காற்று, இறால் வடைக்காரர்களின் தள்ளுவண்டிகள் வரிசையாக. அங்கே ஒரு கல் இருக்கிறது, 1859இல் இந்த நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைக் காப்பாற்றும்படி தனக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு வெட்டிவைத்தது. அத்தையிடம் படித்துச் சொன்னேன். "அப்ப நமக்குத்தான்" என்று கல்லுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

நான் இறால் வடை வாங்கினேன், அத்தை சைவம், அவருக்குக் கடலை. கடலைக்காரப் பையன் சிங்களவன். அத்தை வழக்கம்போல "ஐயா, உப்பு கம்மியா போடுங்க" என்றார். அவன் முகம் மலர்ந்துவிட்டது. சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். எழுபது வயது அம்மா தன்னை அண்ணன் என்கிறாரே என்று பக்கத்து வண்டிக்காரரிடமெல்லாம் சொன்னான். அத்தை மிச்சத்தை வேண்டாம் என்றதும், வாங்காமல் இன்னொரு பொட்டலம் சுற்றிக் கொடுத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

அத்தையின் பிறந்த நாள். கடலைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது, முருங்கைக்காய்க் கறியும் கத்தரிக்காய் மோஜுவும் இன்னும் நாக்கில் நிற்கிறது. பில் வந்தது. சாப்பாட்டுக்கு 6200, அதற்குக் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம் 620, அதற்கும் கீழே வாட் வரி 18 சதவீதம். வெளிநாட்டுக்காரர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். 620 கொடுத்தாகிவிட்டதே, இனிமேல் தனியாக எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. பரிமாறியவரையே கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த அறுநூத்தி இருபதும் உங்க கைக்கு வருதா?"

அவர் கொட்டாஞ்சேனைக்காரர், 22 வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, சுற்றிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். மாதம் முழுக்கச் சேரும் சேவைக் கட்டணத்தை ஒன்றாகப் போட்டு, ஆளுக்கு இத்தனை புள்ளி என்று பிரிப்பார்களாம். சமையல்காரர், பாத்திரம் கழுவுகிறவர், வாசலில் நிற்கிறவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கூட்டம் வருகிற மாதம் சம்பளத்தைவிட அதுதான் பெரிது. "ஆக்கள் வராட்டி ஒண்டும் இல்ல அம்மா" என்றார். 2019 குண்டு வெடிப்புக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வரவில்லை, அது கொஞ்சம் சரியாகும்போது கொரோனா, அது முடிந்ததும் 2022இல் நாடே திவாலாகி எரிவாயுவுக்கு வரிசை. மூன்று வருஷம் வெறும் அடிப்படைச் சம்பளத்தில் வீட்டை ஓட்டினாராம், மனைவியின் சங்கிலி செட்டியார் தெருவில் அடகில் இருந்து போன வருஷம்தான் மீட்டாராம். அந்த ஈஸ்டர் காலையில் பெரிய ஹோட்டல்களில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் செத்துப்போனார்கள், தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு மேஜை விரிப்பைத் தேவையில்லாமல் நீவிவிட்டார்.

அத்தை கேட்டார், தனியாகக் கையில் கொடுத்தால் அது தப்பா என்று. தப்பில்லை, அதைச் சந்தோசம் என்போம், சிங்களத்திலும் அதே சொல்தான், அது கொடுக்கிறவர் மனசு, கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்றார். கார்டில் சேர்த்துப் போடாமல் தாளாகவே கொடுத்தால் நல்லதாம். அத்தை 500 ரூபாய்த் தாளை நான்காக மடித்து, கை கொடுக்கிற மாதிரி கொடுத்தார். மேஜையில் வைக்க மாட்டார். எச்சில் தட்டுப் பக்கத்தில் கிடக்கிற காசை எடுக்கும்போது மாமாவுக்கு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

இது எல்லாருக்கும் சட்டம் என்று சொல்லவில்லை. சேவைக் கட்டணம் போட்ட இடத்தில் அதோடு எழுந்து வந்தாலும் அங்கே மரியாதைக் குறைவு இல்லை. பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், சின்னக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, அங்கேதான் நீங்கள் வைக்கிற நூறு ரூபாய் நேராக ஒருவர் கைக்குப் போகிறது.

அக்டோபர் 13, திங்கள்

இரவு விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பதுளைப் பையன் கதவைத் தட்டினான். தயங்கித் தயங்கி, "அக்கா, கோவிக்காதீங்க, ஒரு உதவி" என்றான். கையில் ஒரு காலி ஜாம் போத்தல், கழுத்து வரை காசு.

இந்தக் காசை எங்கேயும் மாற்ற முடியாதாம். வங்கியும் சரி, பணம் மாற்றும் கடையும் சரி, வெளிநாட்டுத் தாளைத்தான் எடுப்பார்கள், சில்லறைக் காசை எடுக்கவே மாட்டார்கள். அறைக்கு வருகிறவர்கள் ஊருக்குப் போகும்போது பர்ஸில் மிச்சமிருக்கிற காசையெல்லாம் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், நல்ல மனசோடுதான். ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறான். இந்தியாக் காசை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டு இலங்கைத் தாளாகத் தர முடியுமா என்று கேட்டான்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முதல் நாள் நான் கொடுத்த நாலு காசும் அந்தப் போத்தலில்தான் இருந்தது. மூன்று மாடி பெட்டி சுமந்தவனுக்கு நான் கொடுத்தது ஒன்றுமே இல்லை. நடுவில் இரண்டு நாள் அத்தை அவனுக்கு 200, 200 கொடுத்திருந்தார், அது ஒன்றுதான் அவன் கைக்குப் போனது. மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ அக்கா, அதுக்கெல்லாம் எதுக்கு" என்று அவன்தான் சங்கடப்பட்டான்.

அத்தை கட்டில் விரிப்பில் போத்தலைக் கவிழ்த்தார். சில காசு பிசுபிசுவென்று ஒட்டியது, அடியில் ஜாம் வாசனை இன்னும் இருந்தது. மூன்று பேரும் கீழே உட்கார்ந்து பிரித்தோம். பத்து ரூபாய்க் காசு 37. ஐந்து ரூபாய் 18. ஒன்றும் இரண்டுமாக 26 ரூபாய். மொத்தம் 486, 3 ரூபாய் 40 சதம் என்று வைத்தால் 1652. அப்புறம் சிங்கப்பூர்க் காசு 11 டாலர் 40 காசு. என் சித்தி மகன் அங்கே வேலையில் இருக்கிறான், தீபாவளிக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்று அதையும் எடுத்துக்கொண்டேன். டாலருக்கு 230 என்று போட்டால் 2622. இரண்டும் சேர்த்து 4274 வந்தது, 4300ஆகக் கொடுத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து 20 ரூபாய்த் தாளும் ஆறு ரூபாய்ச் சில்லறையும் தேடி எடுத்து என் கையில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். நான் மறுக்கப் பார்த்தேன், அத்தை கண்ணைக் காட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அத்தை தன் பையைத் திறந்து 1000 ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போவியா என்று கேட்டார். பதினெட்டாம் தேதி ரயிலாம். அவன் தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள், ஊர்ப் பெயர் தெரியாது என்றான். அத்தை எதுவும் சொல்லாமல் முறுக்குப் பொட்டலத்தையும் மிச்சமிருந்த அதிரசத்தையும் அவன் கையில் அடுக்கினார். பெட்டியை இறக்கும்போது இந்தத் தடவை கனம் குறைவு.

விமான நிலையத்தில் ஸ்கேனரில் அத்தையின் சுருக்குப் பையை நிறுத்தி, வெளியே எடுத்துக் கொட்டச் சொன்னார்கள். நம்ம ஊர்க் காசும் சிங்கப்பூர்க் காசுமாகத் தட்டில் குவிந்ததைப் பார்த்து அந்த அதிகாரி என்ன இது என்றார். அத்தை முழுக் கதையையும் சொன்னார், வரிசை நின்றது.

போத்தலில் இன்னும் யூரோ இருக்கிறது, எண்ணிப் பார்த்ததில் 31 யூரோ 50 சதம், அவனுக்கு இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசு. பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ இருந்து யாராவது டிசம்பரில் கொழும்பு போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், லாட்ஜ் முகவரி தருகிறேன்.